கையெழுத்துப் பெட்டி

ஐந்தாம் கூடத்தின் நாற்பத்திரண்டாம் எண் அரங்கு மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். பின்னால் ஒரு வெள்ளைத் தட்டி, முன்னால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தலைக்கு மேலே மூன்று விளக்கு. அந்தச் சதுரத்துக்குள் அண்ணி ஒரு மணி நேரமாகக் கால் தரையில் பாவாமல் நின்றுகொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. அடுத்த நாட்டில் நூற்றெண்பது கடைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்குச் சரக்கு தேர்ந்தெடுக்கும் கொள்முதல் அதிகாரி காலை பத்து மணிக்கு இங்கே வந்திருந்தார். நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டிய, அதிகம் சிரிக்காத அம்மாள். மேசைமேல் இருந்த பெட்டியை ஐந்து நிமிடம் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம் கேட்டார். பிறகு, "ரெண்டு மணிக்கு வர்றேன். எங்க ஆள் ஒருத்தரையும் கூட்டிட்டு வர்றேன். மாதிரியில கையெழுத்து போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தத் தொழிலில் கையெழுத்து காகிதத்தில் விழுவதற்கு முன்னால் பொருளின்மேல் விழும். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒத்துக்கொண்ட பொருளில் இரண்டை எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்ட சீட்டை ஒட்டி முத்திரை வைப்பார்கள். ஒன்று அவர்களிடம் இருக்கும், ஒன்று இவர்களிடம். அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் செய்தாலும் ஒவ்வொன்றும் அந்த இரண்டின் அச்சாக இருக்க வேண்டும். கப்பல் ஏற்றும் முன் அவர்களுடைய ஆள் வந்து, குவியலிலிருந்து ஏதோ ஒன்றை உருவி, திருகுகளைக் கழற்றி, உள்ளே இருப்பதை மாதிரியோடு ஒப்பிடுவார். ஒரு கம்பியின் நிறம் மாறியிருந்தாலும் மொத்தச் சரக்கும் திரும்பும்.

பெட்டியின் பெயர் காதுப்பெட்டி. தொலைக்காட்சியில் பாட்டும் வெடிச்சத்தமும் காதைக் கிழிக்க, பேசுவது மட்டும் புரியாமல் "என்ன சொன்னான்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறோமே, அந்த ஒரு தொல்லைக்கு மருந்து. மனிதப் பேச்சில் உயிரெழுத்துகள்தான் சத்தத்தைத் தருகின்றன. மெய்யெழுத்துகள்தான் அர்த்தத்தைத் தருகின்றன. ஆனால் மெய்யெழுத்துகள் மெலிந்தவை. ஒரு க, ஒரு த, ஒரு ப கண்சிமிட்டும் நேரத்துக்குள் வந்து போய்விடும். பின்னணி இசை அவற்றை மிதித்துவிட்டால் கட்டு, தட்டு, பட்டு எல்லாம் ஒன்றுதான். காதுப்பெட்டிக்குள் இருக்கும் சில்லு அந்த மெலிந்தவற்றைத் தேடிப் பிடித்துக் கொஞ்சம் தூக்கிவிடும். நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், வீட்டில் மற்றவர்கள் கத்த வேண்டியதில்லை.

அதை யோசித்துச் செய்தவன் அவளுடைய கொழுந்தன். கையில் ஈயம் உருக்கிக் கம்பி பற்றவைக்கும் கோல் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை என்பதால் கம்பெனியில் அவன் பெயர் ஈயம். அவன் 'அண்ணி' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வாயிற்காவலர்வரை எல்லாரும் அவளை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டியைச் செய்வது அவன் வேலை. அதை ஊர் தாண்டி அனுப்பத் தேவையான அத்தனை காகிதமும் அவள் வேலை. அவள் கணவர் தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்களேன். நீங்க நிக்கிறதைப் பார்த்தா எனக்குக் கால் வலிக்குது," என்றான் ஈயம்.

"உக்காந்தா சிரிச்சிடுவேன். எதிர் அரங்குக்காரங்க பார்க்கிறாங்க."

"சிரிங்க. காசா பணமா."

அவள் சிரிக்கவில்லை. பெட்டியை ஒரு துணியால் துடைக்கக் குனிந்தாள். அப்போதுதான் அது நடந்தது. கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையின் இரும்புக் கொக்கி, அவள் குனிந்ததும், தானாகப் பாய்ந்து போய்ப் பெட்டியின் பக்கவாட்டில் 'டிக்' என்று ஒட்டிக்கொண்டது.

அண்ணி அப்படியே நின்றாள். கொக்கியைப் பிடுங்கினாள். மெதுவாகக் கொண்டுபோனாள். நான்கு விரல்கடைத் தூரத்திலேயே மறுபடி பாய்ந்து ஒட்டியது.

ஒலிபெருக்கி என்பது அடிப்படையில் மூன்று பொருள். பின்னால் ஒரு காந்தம், காந்தத்தின் இடுக்கில் மயிரிழை இடைவெளியில் மிதக்கும் ஒரு செம்புக்கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. கம்பியில் மின்சாரம் ஏறி இறங்கும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் உந்தும், கூம்பு காற்றைத் தள்ளும், அதுதான் சத்தம். அந்தச் சுருளைத் தொழிற்சாலையில் காயில் என்பார்கள். காயில் செக்‌ஷனை ஆரம்பித்ததே அண்ணிதான். கல்யாணமான மறு வருஷம் ஒரே ஒரு சுற்றும் இயந்திரத்தோடு அந்த மேசையில் உட்கார்ந்தாள். இன்று அங்கே ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் போடும் காந்தம் எவ்வளவு இழுக்கும் என்று அவள் கைக்குத் தெரியும். இந்த மரப்பெட்டியைத் தாண்டி அது ஒரு குண்டூசியைக்கூட அசைக்காது.

"தம்பி," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "இதுக்குள்ள யாரோட ஸ்பீக்கர் இருக்கு?"

ஈயம் பக்கத்து அரங்கைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

"தம்பி."

"மாத்திட்டேன் அண்ணி. ரெண்டு பெட்டியிலயும். கிளம்பறதுக்கு முந்தின நாள். வெளியில இருந்து வரவழைச்ச ஸ்பீக்கர். நம்மளது இங்க தாங்காது. கூடத்துல எவ்வளவு இரைச்சல்னு பாருங்க. சத்தத்தைக் கூட்டினா நம்ம கூம்பு டப்டப்னு அடிக்குது. அந்த அம்மா முன்னாடி அப்படி அடிச்சிருந்தா காலையிலேயே மானம் போயிருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா வேண்டாம்பீங்க."

"இப்ப மட்டும் என்ன சொல்லப்போறேன்னு நினைக்கிற?"

ஈயத்துக்கு இன்னும் விளங்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. நல்ல சத்தத்துக்காக நல்ல உறுப்பைப் போட்டான்; அதில் என்ன குற்றம்? சர்க்கியூட் தெரிந்தவன் செய்கிற தப்பு அது. காகிதம் தெரிந்தவளுக்கு அது எங்கே போய் முடியும் என்று உடனே தெரிந்தது. அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"உக்காரு. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றேன். நம்ம நாட்டுக்கும் அவங்க நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. நம்ம நாட்டுல பிறந்த பொருளுக்கு அங்க வரி கிடையாது. பிறந்ததுன்னு எப்படிச் சொல்றது? பெட்டி நம்ம வாசலை விட்டுப் போற விலை நூறுன்னு வெச்சுக்கோ. அதுல குறைஞ்சது நாற்பது நம்ம நாட்டுலயே உண்டாகியிருக்கணும். இப்ப கணக்குப் போடு. சில்லும் மத்த உறுப்பும் வெளியில இருந்து வருது, முப்பத்தெட்டு. மின்சார அடாப்டர் பன்னிரண்டு. திருகு, கம்பி, இதர வகை ஏழு."

"ஐம்பத்தேழு."

"மிச்சம் நாற்பத்திமூணு நம்மளது. மரப்பெட்டி, கூலி, லாபம், அப்புறம் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் மட்டும் பன்னிரண்டு. நீ அதைத் தூக்கிட்டு வெளிநாட்டு ஸ்பீக்கர் வெச்சிருக்க. அது என்ன விலை?"

"பதினஞ்சு வரும்," என்றான் ஈயம். சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. கணக்கில் அவன் புலி. "அப்ப மொத்தம் நூத்திமூணு. நம்ம பங்கு முப்பத்தொண்ணு. நூத்துக்கு முப்பதுக்கு வந்திருச்சு."

"வந்திருச்சா? அப்ப பெட்டி நம்ம நாட்டுல பிறக்கலை. அங்க பதினெட்டு சதவீதம் வரி. அந்த விலைக்கு அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க."

பக்கத்து அரங்கிலிருந்து ஒரு முழக்கம் வந்தது. அங்கே ஆள் உயரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகளை நிறுத்தி, கும்மென்ற அடித்தொண்டைச் சத்தத்துக்கென்றே ஒலிபெருக்கி விற்கும் ஒருவர் இருந்தார். ஈயம் அவருக்கு 'இடி' என்று பெயர் வைத்திருந்தான். இடி ஒரு தடவை முழங்கினால் இவர்கள் மேசையில் பேனா நகரும்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது," என்றான் ஈயம். "இன்னிக்கு இதுலயே கையெழுத்து வாங்கிடலாம். அப்புறம் செய்யும்போது நம்ம ஸ்பீக்கரைப் போட்டுக்கலாம்."

"கப்பலுக்கு முன்னாடி திருகைக் கழட்டிப் பார்ப்பாங்களே, அவங்களைக் குருடாக்கிடலாமா?"

"சரி, காகிதத்துல மட்டும் நாற்பத்திமூணுன்னு…"

"அந்தக் காகிதத்துக்குக் கீழே யார் கையெழுத்து?"

ஈயம் கணக்குத் தாளை அவள் பக்கம் திருப்பித் தள்ளினான்.

"உங்கண்ணன் போன வாரம் என்ன சொன்னார், தெரியும்ல? 'இந்த ஆர்டர் நம்ம ஸ்பீக்கரோட வந்தா காயில் செக்‌ஷன் ஓடும். வரலைன்னா மாசக் கடைசியோட மூடிட்டு ஸ்பீக்கரை வெளியிலேயே வாங்கிக்கலாம்.' ஒன்பது பேர், தம்பி. நான் கிளம்பும்போது ஒருத்தர்கூட எதுவும் கேட்கலை. எல்லாரும் வேலையை நிறுத்திட்டு வாசல்வரைக்கும் வந்து நின்னாங்க. அதுவே போதும்னு ஆயிடுச்சு எனக்கு."

மணி பதினொன்றேகால். அண்ணி நிமிர்ந்தாள்.

"நம்ம ஸ்பீக்கர் ஒண்ணாவது கொண்டு வந்திருக்கியா?"

"இல்லையே. ரெண்டையும் பட்டறையிலேயே…" ஈயம் நிறுத்தினான். மெதுவாகத் தலையைத் திருப்பி மேசையின் வலது ஓரத்தைப் பார்த்தான். அண்ணியும் பார்த்தாள்.

அங்கே கண்ணாடி மூடிக்குள் மூன்றாவது பெட்டி இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வருகிறவர்களுக்குக் காட்ட, பெட்டியைப் பூசணிக்காய்போல் நடுவில் அறுத்து வைத்திருந்தார்கள். அறுத்தது மரத்தை மட்டும்தான். ஒலிபெருக்கி முழுசாக உட்கார்ந்திருந்தது, காயில் செக்‌ஷனின் பச்சை மையால் எழுதிய எண்ணோடு.

"அதை எடு," என்றாள் அண்ணி.

"எடுத்து மாட்டிடலாம். ஆனா டப்டப்புக்கு என்ன பண்றது?"

"முதல்ல மாட்டு."

மாட்டுவதும் சுலபமாக இல்லை. கூடத்துக்குள் சூடான கருவி எதையும் பயன்படுத்தக் கூடாது என்பது கண்காட்சியின் விதி. தீ எச்சரிக்கை மணி அடித்தால் எல்லாக் கூடங்களையும் காலி செய்வார்கள். ஈயம் தன் கோல் இல்லாமல், கம்பி நுனிகளைச் சீவி, ஒன்றோடொன்று முறுக்கி, மேலே ஒட்டுநாடா சுற்றினான். முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் இருந்தது.

"இதை மட்டும் வெளியில சொல்லாதீங்க அண்ணி. நான் கம்பியை முறுக்கினேன்னு தெரிஞ்சா என் மரியாதை போயிடும்."

"இருந்தா போறதுக்கு," என்றாள் அண்ணி.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு பெட்டியில் சொந்த ஒலிபெருக்கி, மற்றதில் வெளிநாட்டு ஒலிபெருக்கி. ஈயம் செய்தி வாசிக்கும் ஒரு பதிவை ஓடவிட்டான். மெல்லிய சத்தத்தில் இரண்டும் ஒன்றுதான். கூடத்தின் இரைச்சலைத் தாண்ட அவன் குமிழைத் திருப்பத் திருப்ப, சொந்தப் பெட்டி ஒரு கட்டத்தில் டப், டப் என்று அடித்தது.

"கேட்டீங்களா?"

அண்ணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் காது கேட்டதைவிட அவள் விரல் ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தது. பழுதாகித் திரும்பி வரும் ஒலிபெருக்கிகளைப் பிரித்துப் பார்ப்பது அவள் பழக்கம். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரே அடையாளம்: சுருள் சுற்றிய குழாயின் அடிவிளிம்பு நசுங்கியிருக்கும். விரல் வைத்தால் சொரசொரக்கும். குழாய் பின்னால் போகவேண்டிய தூரத்தைத் தாண்டிப் போய் அடித்தட்டில் முட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

"எப்ப முட்டுது?" என்றாள். "செய்தி வாசிக்கும்போதா, நடுவுல அந்த முரசு அடிக்கும்போதா?"

ஈயம் மறுபடி ஓடவிட்டான். இருவரும் குனிந்து கேட்டார்கள். வாசிப்பவர் பேசும்போது ஒன்றுமில்லை. செய்திகளுக்கு நடுவே வரும் இசைத்துணுக்கில் முரசு அடித்த ஒவ்வொரு முறையும் டப்.

"முரசுக்குத்தான்," என்றான். பிறகு அவன் கண் அகலமானது. "அண்ணி… ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் பேசாதீங்க."

"நான் எங்க பேசினேன்?"

"கூம்பு எவ்வளவு தூரம் போய்ட்டு வரணும்கிறது அதிர்வோட வேகத்தைப் பொறுத்தது. அதே சத்தம் வரணும், ஆனா அதிர்வு பாதி வேகம்னா, நாலு மடங்கு தூரம் போகணும். மூணுல ஒரு பங்கு வேகம்னா ஒன்பது மடங்கு. அடித்தொண்டைச் சத்தம்தான் கூம்பைப் போட்டு இழுத்தடிக்குது. பேச்சு அதை அசைக்கிறதே இல்லை. நான் சில்லுல என்ன போட்டிருக்கேன்? நொடிக்கு எண்பது அதிர்வுல இருந்து எல்லாத்தையும் அனுப்புன்னு போட்டிருக்கேன். பேச்சுக்கு எண்பது எதுக்கு? இருநூத்தைம்பதுக்குக் கீழே அனுப்பாதேன்னு சொன்னா…"

"மூணு மடங்கு," என்றாள் அண்ணி.

"ஒன்பது மடங்கு குறைவாத்தான் கூம்பு நகரும். முட்டவே முட்டாது."

அவன் மடிக்கணினியை இழுத்து, பெட்டியோடு இணைத்து, ஒரே ஒரு எண்ணை மாற்றினான். அவ்வளவுதான் வேலை. எண்பது இருந்த இடத்தில் இருநூற்றைம்பது. குமிழைத் திருப்பினான். இன்னும் திருப்பினான். கடைசிவரை திருப்பினான். செய்தி வாசிப்பவரின் குரல் கூடத்தின் இரைச்சலைக் கத்தரிக்கோல்போல் வெட்டிக்கொண்டு வந்தது. முரசு வந்தது, 'தக்' என்று ஒரு சின்னத் தட்டலாக வந்து போனது. டப் இல்லை.

எதிர் அரங்கில் பேசிக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஈயம் அண்ணியைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த நொடியே அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"பாட்டு போட்டா டெலிபோன்ல கேட்கிற மாதிரி இருக்கும் அண்ணி. அந்தக் கும்முனு வர்ற சத்தம் போயிடுச்சு."

"அது இருந்தா நல்லா இருக்கும்னு யார் சொன்னது?"

"நான்தான். வேற யாரு?"

அவன் குரலில் இருந்த வருத்தம் பொய்யில்லை. ஒரு சின்னப் பெட்டிக்குள்ளிருந்து அந்தக் கும் என்ற சத்தத்தை வரவழைக்க அவன் எட்டு மாதம் உழைத்திருந்தான். அண்ணிக்கு அது தெரியும். அதனால் கேலி செய்யவில்லை.

"நீ பண்ணினது வீண் போகலை, தம்பி. ஆனா இது காதுப்பெட்டி. இடி பக்கத்துலயே இருக்கார். அந்த வேலையை அவர் பார்த்துக்கட்டும்."

இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கொள்முதல் அம்மாள் வந்தார். உடன் வந்தவர் ஒல்லியாக, ஒரு தடித்த கோப்போடு இருந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே கோப்பைத் திறந்து, "அடாப்டர் எந்த நாடு? திருகு எந்த நாடு? பசை?" என்று ஆரம்பித்துவிட்டார். ஒவ்வோர் உறுப்பின் பிறப்பிடத்தையும் சரிபார்ப்பதுதான் அவர் உத்தியோகம்.

"ஜாதகக்காரர்," என்று ஈயம் அண்ணியின் காதில் சொன்னான். அவள் அவன் காலை மிதித்தாள்.

பிறகு அவள் கொள்முதல் அம்மாளைப் பார்த்து நேராகச் சொன்னாள்: "மேடம், ஒண்ணு சொல்லணும். நீங்க காலையில கேட்டது இந்த இடதுபக்கப் பெட்டி. இதுல வெளிநாட்டு ஸ்பீக்கர் இருக்கு. இது ஒப்பந்தத்துல சேராது, வரி விழும். வலதுபக்கம் இருக்கிறது எங்க தொழிற்சாலை ஸ்பீக்கர். இது சேரும். நாங்க தர்றதா சொன்ன விலை இதுக்குத்தான். தப்பு எங்களோடது."

ஈயம் மூச்சை இழுத்தது அவளுக்குக் கேட்டது. அம்மாளின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"ஏன் மாத்தினீங்க?"

"நான்தான் மாத்தினேன் மேடம்," என்றான் ஈயம். "நல்லா கேட்கணும்னு."

"நல்லாத்தான் கேட்டுச்சு. இப்ப இது எப்படிக் கேட்கும்?"

"நீங்களே சொல்லணும்," என்றாள் அண்ணி. "எங்க வார்த்தையை எடுத்துக்க வேண்டாம். சார் அரங்கோட கடைசில நின்னு, உங்க விலைப்பட்டியல்ல இருந்து இருபது சொல் வாசிக்கட்டும். சத்தமா இல்லாம, சாதாரணமா. எங்க சோதனை மைக்கு வழியா பெட்டிக்கு வரும். நீங்க கேட்டதை எழுதுங்க. முதல்ல இடது பெட்டி, அப்புறம் வலது."

"ரெண்டாவது தடவை வேற இருபது சொல் வாசிக்கணும்," என்றார் ஜாதகக்காரர் உடனே. "அதே சொல்லுன்னா மேடத்துக்கு ஞாபகம் இருக்கும்."

ஈயம் அவரை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து இடி தன் பெட்டிகளை அணைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். அண்ணி தட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

"அண்ணே, ஒரு உதவி. அதைக் கொஞ்சம் போடுங்களேன். முழுச் சத்தத்துல."

இடி கையில் எடுத்த கவளத்தோடு அவளை நிமிர்ந்து பார்த்தார். "மூணு நாளா குறை குறைன்னு உயிரை எடுத்தீங்க. இப்ப போடச் சொல்றீங்க. உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

"பத்து நிமிஷம். எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

"அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது," என்று சொல்லி, இடி இடது கையால் குமிழைத் திருப்பினார். மேசையில் பேனா நகர்ந்தது.

ஜாதகக்காரர் மூன்று மீட்டர் தள்ளிப் போய், மைக்கை வாயருகே பிடித்து, இழவுச் செய்தி சொல்வதுபோல் ஒரே சுருதியில் வாசிக்க ஆரம்பித்தார். தட்டு. கத்தி. கட்டில். பட்டை. மூடி. அம்மாள் பென்சிலால் எழுதினார். முதல் இருபது முடிந்தது. ஈயம் கம்பியை வலது பெட்டிக்கு மாற்றினான். அண்ணியின் விரல் சேலைத் தலைப்பைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது இருபது. விசிறி. கூடை. பித்தான். சட்டி. அம்மாள் ஓர் இடத்தில் பென்சிலை எடுத்தார், யோசித்தார், ஏதோ எழுதினார்.

ஜாதகக்காரர் வந்து இரண்டு தாளையும் தன் பட்டியலோடு ஒப்பிட்டு டிக் அடித்தார். அவர் நிதானம் ஆளைக் கொன்றது.

"இடது பெட்டி, பதினேழு," என்றார். தாளைப் புரட்டினார். "வலது பெட்டி, பதினாறு."

ஈயத்தின் தோள் இறங்கியது. "ஒண்ணு குறைஞ்சிடுச்சு அண்ணி," என்று முணுமுணுத்தான்.

பதினேழுக்குப் பதினாறு. தோல்வி தோல்விதான். அண்ணிக்கு, வாசல்வரை வந்து நின்ற ஒன்பது பேரின் முகம் வரிசையாக வந்தது.

கொள்முதல் அம்மாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "பெட்டியே இல்லாம வாசிங்க," என்றார்.

ஜாதகக்காரர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அதே இடத்தில் நின்று, இன்னும் இருபது சொல்லை வெறும் குரலில் வாசித்தார். அம்மாள் எழுதியதைத் திருத்திப் பார்த்தார்கள். ஆறு.

"ஆறு இருந்த இடத்துல பதினாறு," என்றார் அம்மாள். "அந்தப் பதினேழாவது சொல்லுக்காக எங்க வாடிக்கையாளர் பதினெட்டு சதவீதம் கூடக் குடுக்க மாட்டார். நானும் கேட்க மாட்டேன்." பிறகு ஈயத்தின் பக்கம் திரும்பினார். "இதுல பாட்டு கேட்டா?"

அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஈயம் முந்திக்கொண்டான்.

"நல்லா இருக்காது மேடம். கீழ்ச்சத்தத்தை நானே வெட்டிட்டேன். அது இருந்தா ஸ்பீக்கர் முட்டும்."

"அப்ப அட்டைப்பெட்டிமேல பெரிய எழுத்துல அடிக்கணும்: 'இது பேச்சுக்கு மட்டும். பாட்டுக்கு அல்ல.' சம்மதமா?"

ஈயம் தன் எட்டு மாத உழைப்பை ஒரு தடவை பார்த்தான். "பெரிய எழுத்துன்னா எவ்வளவு பெருசு?" என்றான்.

அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். "கண்ணாடி இல்லாம நான் படிக்கிற அளவுக்கு."

"சம்மதம் மேடம்."

ஜாதகக்காரர் வலது பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன விளக்கைப் பிடித்துக் குனிந்தார். பச்சை மை எண்ணைக் குறித்துக்கொண்டார். கணக்குத் தாளை வரிவரியாகப் பார்த்தார். திருகு ஒன்றுக்கு அண்ணி போட்டிருந்த விலை பழையது என்று கண்டுபிடித்தார். கூட்டிக் கழித்து, "நாற்பத்திரண்டரை. சேருது," என்றார். பிறகு விளக்கை ஓரிடத்தில் நிறுத்தினார். "இது என்ன, கம்பியை முறுக்கி ஒட்டியிருக்கு?"

ஈயம் கண்ணை மூடிக்கொண்டான்.

"கூடத்துக்குள்ள சூடு வைக்க அனுமதி இல்லைங்க," என்றாள் அண்ணி. "செய்யும்போது பற்றவைச்சுத்தான் வரும்."

"அப்ப எழுதிடுவோம்." அவர் முத்திரைச் சீட்டை எடுத்து, அழகான கையெழுத்தில் எழுதினார்: 'கம்பி இணைப்பு ஈயத்தால் பற்றவைக்கப்பட வேண்டும். மற்றபடி இதுவே மாதிரி. இரண்டாவது மாதிரி பத்து நாளில் அனுப்பப்படும்.' அம்மாள் கையெழுத்துப் போட்டார். பேனா அண்ணியிடம் வந்தது. அவள் போட்டாள். மாதம் எட்டாயிரம் பெட்டி, முதல் ஆண்டுக்கு.

அவர்கள் போனதும் அண்ணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரித்தாள். எதிர் அரங்குக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று சிரித்தாள். இடி தட்டிக்குமேல் தலையை நீட்டி, "இப்பவாவது நிறுத்தலாமா? சோறு தட்டோட ஆடுது," என்றார்.

தொழிற்சாலையில் அப்போது பகல் வேலை ஓடிக்கொண்டிருக்கும். அவள் கணவருக்குக்கூட முதலில் சொல்லாமல் நேராகக் காயில் செக்‌ஷனுக்குப் போன் போட்டாள். மேற்பார்வை பார்க்கும் அக்கா எடுத்தார்.

"அக்கா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைங்க. கையெழுத்தாயிடுச்சு. நம்ம ஸ்பீக்கர். மாசம் எட்டாயிரம்."

அந்தப் பக்கம் இயந்திரங்களின் ரீங்காரம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது கேட்டது. யாரோ கை தட்டினார்கள், யாரோ அழுததுபோலும் இருந்தது. அக்காவின் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"எட்டாயிரமா? ரெண்டு மிஷினை வெச்சுக்கிட்டா? நீங்க பாட்டுக்கு அங்க நின்னு கையெழுத்து போட்டுட்டு வந்துடுவீங்க. இங்க சுத்தறது யாரு?"

இரண்டு இயந்திரத்தில் மாதம் ஐயாயிரம் சுற்றலாம். ஐயாயிரத்து நூறு சுற்றினால் யாருக்காவது தோள்வலி வரும். காலையிலிருந்து நாற்பதையும் முப்பதையும் பார்த்தவள் இந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை. அண்ணி கண்காட்சிக் கையேட்டைப் புரட்டினாள். காயில் சுற்றும் இயந்திரங்கள்: ஏழாம் கூடம். மூடும் நேரம்: ஐந்து. இன்றுதான் கடைசி நாள்.

"வெச்சிடறேன் அக்கா. மூணாவது மிஷின் பார்க்கப் போறேன்," என்று சொல்லி எழுந்தாள். "தம்பி, கண்ணாடியை மூடு. அண்ணே, எங்க அரங்கைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க."

ஈயம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடிவந்தான். நடைபாதை முழுக்கக் கூட்டம். பாதி வழியில் அவனுக்குத் திடீரென்று ஒரு பயம் வந்துவிட்டது.

"அண்ணி, நில்லுங்க. அந்த மிஷின் வெளிநாட்டுல பிறந்ததா இருந்தா? நாற்பத்திரண்டரை மறுபடி இறங்கிடாதா?"

அண்ணி நிற்கவில்லை.

"மிஷின் பெட்டிக்குள்ள போகாது, தம்பி. நட."